ஜிப்சி ஸ்விங்கும் பழைய ஜாஸும்: எதை எதோடு கலக்கிறார்கள்?

உங்கள் ஊரில் வாசிக்க வரும் ஒரு குழுவின் விளம்பரத்தில் ‘ஜிப்சி ஸ்விங்கும் பாரம்பரிய ஜாஸும் கலந்த அக்கூஸ்டிக் இசை’ என்று பார்த்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே ஜாஸ் என்றால் கலக்க என்ன இருக்கிறது? டிரம்ஸ் இல்லாமல் தாளம் எப்படி நிற்கிறது? யூடியூபில் கேட்டபோது கீரவாணி ராகம் மாதிரி ஒலித்ததே, அது இந்தியாவிலிருந்து போனதா? சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்ற நான் இப்படிப்பட்ட குழுவில் சேர்ந்து வாசிக்க முடியுமா? எனக்குப் பட்டவரை நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: இந்தக் குழுவில் யார் என்ன வேலை செய்கிறார்கள்? அது புரிந்தால் மற்றவை தானாகப் பிடிபடும். நான் ரிதம் கிட்டார்காரன். பாரிஸில் இந்த இசை வாசிக்கும் சிறு குழுக்களில் பல வருடங்களாகப் பின்னால் உட்கார்ந்து தாளம் அடிப்பவன். முன்னால் நின்று தனியாக வாசிப்பதில் பெரிய ஆள் இல்லை. ஃபிரான்ஸ் பக்கத்து ரோமானி மக்களான மனூஷ் சமூகத்தில் பிறந்தவனும் இல்லை. அதனால் கிட்டார், தாளம், கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பற்றி உறுதியாகப் பேசுவேன். அவர்களுடைய வீட்டுக்குள் இருக்கும் இசையைப் பற்றிப் பேசினால் அது வெளியாளின் பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இந்தக் கலப்பு புதிதல்ல. ஜிப்சி ஸ்விங் பிறந்ததே பழைய அமெரிக்க ஜாஸைக் கம்பி வாத்தியங்களுக்கு மாற்றியதில்தான். அதைச் செய்தவர்களில் முதன்மையானவர், கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1910இல் பெல்ஜியத்தின் லிபர்ஷி கிராமத்தில் ஒரு மனூஷ் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸின் நடன விடுதிகளில் அக்கார்டியன்காரர்களுக்குப் பாஞ்சோ வாசித்து வளர்ந்தார். அங்கே ஓடியது மியூசெட் என்ற வால்ட்ஸ் இசை. 1931இல் தூலோன் நகரில் எமில் சவித்ரி என்ற ஓவியர் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ திசை மாறியது அங்கேதான். 1934இல் ஷான்ஸெலிஸே சாலையிலுள்ள கிளாரிட்ஜ் ஓட்டலில், பாஸ் என்ற தாழ்ந்த ஒலியுள்ள பெரிய கம்பி வாத்தியத்தை வாசிப்பவரான லூயி வோலா நடத்திய நடனக் குழுவில் ஜாங்கோவும் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெலியும் இருந்தார்கள். இடைவேளைகளில் மேடைக்குப் பின்னால் தங்களுக்காக வாசிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘ஹாட் கிளப் ஆஃப் ஃபிரான்ஸ் குவின்டெட்’ (குவின்டெட் என்றால் ஐவர் குழு) என்ற பெயரில் முதல் தட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதில் வாசித்த பாட்டுகளில் இரண்டு ‘டைனா’, ‘டைகர் ராக்’. டைகர் ராக்கை 1917இலேயே ஒரு நியூ ஆர்லியன்ஸ் குழு பதிவு செய்திருந்தது. ஆக, பாட்டுகள் முதல் நாளிலிருந்தே பொதுச் சொத்து. இன்றைய குழு இரண்டையும் கலக்கிறோம் என்று சொன்னால், அது பாட்டுகளைக் கலப்பதாக இருக்க முடியாது. வேலையைப் பங்கு போடும் இரண்டு முறைகளைத்தான் கலக்கிறார்கள்.

விளம்பரம் சொல்லும் பாரம்பரிய ஜாஸை, அதாவது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து முறையை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட்டோ, அதைப் போன்ற சிறிய ஊதுவாத்தியமான கார்னெட்டோ மெட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே கிளாரினெட் வேகமான சின்ன வரிகளால் பின்னிக்கொண்டே போகும். கீழே டிராம்போன் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு பாலம் போடும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். எதுவும் எழுதி வைத்ததல்ல. பின்னால் பாஞ்சோ, பியானோ, டூபா அல்லது பாஸ், டிரம்ஸ். 1923இல் கிங் ஆலிவர் குழு பதிவு செய்த தட்டுகளில் இதைச் சுத்தமாகக் கேட்கலாம். அந்தக் குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர் ஆம்ஸ்ட்ராங். பிறகு 1925இலிருந்து 1928 வரை தன் ‘ஹாட் ஃபைவ்’, ‘ஹாட் செவன்’ பதிவுகளில் அவர் அந்தக் கூட்டு உரையாடலை மெல்ல உடைத்து, ஒருவர் முன்னால் நிற்க மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் முறைக்குக் கொண்டுவந்தார். ஜாங்கோவின் காதில் விழுந்தது இந்தப் பிந்தைய ஆம்ஸ்ட்ராங். ஹாட் கிளப் குவின்டெட்டில் மூவர் சேர்ந்து பின்னும் வேலை அநேகமாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே ஜாங்கோ ஒரு சுற்று, கிராப்பெலி ஒரு சுற்று. மீதிப் பேர் முழு நேரமும் தாளம்.

அந்தத் தாளம்தான் உங்கள் இரண்டாவது கேள்வி. குவின்டெட்டில் ஐந்து பேர்: வயலின், மூன்று கிட்டார், பாஸ். ஜாங்கோவின் தம்பி ஜோசஃபும் ரோஜே ஷபூவும் தாள கிட்டார். கிராப்பெலி வாசிக்கும்போது அவருக்குப் பின்னால் இரண்டு கிட்டார் இருக்கிறது, நான் வாசிக்கும்போது எனக்கு ஒன்றுதானே என்று ஜாங்கோ குறைப்பட்டதால்தான் தம்பி சேர்க்கப்பட்டார் என்பது கிராப்பெலி வழியாக வந்த கதை. வாசிக்கிறவனாக எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஒரு கிட்டார் மட்டும் டிரம்ஸின் வேலையைச் செய்யும்போது முன்னால் நிற்பவருக்குக் காலடியில் தரை மெலிந்தாற்போல இருக்கும்.

இந்தத் தாளக் கை வேலைக்கு லா போம்ப் என்று பெயர். நான்கு எண்ணிக்கையில் ஒன்றும் மூன்றும் தடித்த கம்பிகளில் விழும். கொஞ்சம் மெத்தென்று ஒலிக்கும். இரண்டும் நான்கும் எல்லாக் கம்பிகளிலும் கூர்மையாக விழும். விழுந்த அடுத்த கணமே இடது கை விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். கம்பியை விட்டு எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். அப்போதுதான் டிரம்ஸில் ஸ்நேர் அடித்தது போன்ற ‘சக்’ கிடைக்கும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் சற்று முன்னால் மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு சின்ன உரசல் வரும். புதியவர்கள் அதைப் பெரிதாக்கிக் கெடுப்பார்கள். அது காதுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். 1930களின் பதிவுகளில் அடி கிட்டத்தட்டத் தட்டையான நான்காகவே பல இடங்களில் ஒலிக்கிறது. இன்று கேட்கும் ‘டச்சக் டச்சக்’ பின்னால் வலுத்தது. அரங்கில் நீங்கள் கை தட்டினால் இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். நம் ஆட்கள் பழக்கத்தில் ஒன்றில் தட்டிவிடுவார்கள். மேடையில் இருக்கும் ரிதம் கிட்டார்காரன் மனதுக்குள் திட்டுவான்.

கிட்டாரும் சாதாரணமானது அல்ல. சாக்ஸபோன் செய்து பேர் வாங்கிய செல்மர் நிறுவனத்துக்காக மரியோ மக்காஃபெரி என்ற இத்தாலியர் வடிவமைத்தது அது. 1932இல் விற்பனைக்கு வந்தது. மக்காஃபெரி அடுத்த ஆண்டே விலகிவிட்டார். ஆரம்பத்தில் ஒலித்துளை ‘டி’ எழுத்து வடிவில் பெரிதாக இருந்தது. பிறகு சிறிய முட்டை வடிவத்துக்கு மாறி, கழுத்தும் நீண்டது. 1952இல் தயாரிப்பை நிறுத்தும்வரை மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள். இன்று மேடையில் நீங்கள் பார்ப்பது அநேகமாக அதன் நகலாகத்தான் இருக்கும். அதன் ஒலியில் இனிமை குறைவு, குத்து அதிகம். ஸ்வரம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். வரவேற்பறையில் தனியாகக் கேட்டால் தகர டப்பா போல இருக்கிறதே என்று தோன்றும். ஐந்து பேர் நடுவில் வைத்தால் அந்தக் குத்துதான் வயலினையும் பாஸையும் தாண்டி வருகிறது. தனி வாசிப்புக்கான வலது கை முறையும் அதே நோக்கத்துடையது: கை கிட்டாரில் சாயாமல் மிதக்கும், கம்பியை மீட்டும் பிளெக்ட்ரம் என்ற வில்லை தடிமனாக இருக்கும், ஒவ்வொரு முறை கம்பி மாறும்போதும் அடி கீழ்நோக்கியே விழுந்து அடுத்த கம்பியில் தங்கும். மின்சாரம் இல்லாமல் கேட்கவைப்பதற்கான முறை அது.

இந்த இரண்டு வேலை முறைகளும் ஒரே அறையில் சந்தித்ததற்கு நல்ல சான்று வேண்டுமென்றால் 1939 ஏப்ரலில் பாரிஸில் பதிவான சில தட்டுகளைத் தேடிக் கேளுங்கள். அமெரிக்காவின் டியூக் எலிங்டன் ஜாஸ் குழு ஐரோப்பியப் பயணத்தில் இருந்தபோது அதிலிருந்து கார்னெட்காரர் ரெக்ஸ் ஸ்டுவர்ட், கிளாரினெட்காரர் பார்னி பிகார்ட், பாஸ் வாசித்த பில்லி டெய்லர் மூவரும் ஜாங்கோவோடு உட்கார்ந்தார்கள். பிகார்ட் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அந்தப் பின்னல் அவர் கைக்கு இயல்பு. கார்னெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் சுற்றிவர, ஜாங்கோ ஒரே கிட்டாரில் தாளமும் அடித்து இடையிடையே பதிலும் சொல்கிறார். உங்கள் விளம்பரத்தில் இருக்கும் வாக்கியத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் போர் வந்தபோது குவின்டெட் லண்டனில் இருந்தது. கிராப்பெலி அங்கேயே தங்கிவிட்டார், ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார். 1940இல் வயலின் இடத்தில் ஊபேர் ரொஸ்தேங்கின் கிளாரினெட்டும், கூடவே டிரம்ஸும் வந்தன. ‘ஜிப்சி ஸ்விங்கில் கிளாரினெட் கூடாது, டிரம்ஸ் கூடாது’ என்று சண்டை போடும் தூய்மைவாதிகளுக்கு ஜாங்கோவே பதில் சொல்லிவிட்டார்.

இன்று ஒரு குழு இவற்றைக் கலக்கும்போது எங்கே சிக்கல் வரும் என்பதையும் சொல்கிறேன், கேட்கும்போது கவனியுங்கள். முதல் சிக்கல் பாஞ்சோ. பாஞ்சோ நான்கு எண்ணிக்கையையும் ஒரே கனத்தில் அடிக்கும். லா போம்ப் இரண்டையும் நான்கையும் தூக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் தாளம் சேறாகிவிடும். விவரமான குழு ஒரு பாட்டில் ஒன்றை மட்டும் ஓடவிடும். இரண்டாவது சத்தம். டிரம்பெட்டின் ஒரு ஸ்வரம் மூன்று கிட்டாரை விழுங்கிவிடும். அதனால் சத்தத்தைக் குறைக்க வாயில் மியூட் என்ற மூடி போடுவார்கள், அல்லது டிரம்பெட்டை விட்டுவிட்டுக் கிளாரினெட்டை வைத்துக்கொள்வார்கள்; டிரம்ஸ் இருந்தால் ஒரு ஸ்நேரும் பிரஷ்ஷும் மட்டும். மூன்றாவது, வெளியே தெரியாத சண்டை, எந்தக் கட்டையில் வாசிப்பது என்பது. கிட்டார்காரனுக்கு ஏ, டி, ஈ பிடிக்கும். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிப்பவை; நான் ஏ மேஜரில் வாசித்தால் அவர்கள் பி மேஜரில், ஐந்து ஷார்ப்போடு வாசிக்க வேண்டும். அதனால் இப்படிப்பட்ட குழுக்கள் எஃப், சி, டி மைனர், ஜி மைனர் என்று நடுவில் வந்து நிற்கும். நாலாவதாக, கடைசிச் சுற்று. ஒவ்வொருவரும் தனியாக வாசித்து, பிறகு நான்கு நான்கு பாராக (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) மாற்றி மாற்றி வாசித்து (தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் இடம் போல, ஆனால் குறைத்துக்கொண்டே வருவது கிடையாது), முடிவில் எல்லோரும் நியூ ஆர்லியன்ஸ் முறையில் ஒன்றாகப் பேசுவார்கள். கலப்பு உண்மையா, விளம்பரமா என்று அந்த இடத்தில் தெரிந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் விளம்பரம். ஒருவர் நிறுத்தும் இடத்தில் இன்னொருவர் நுழைந்தால் கேட்கத் தகுந்த குழு.

கீரவாணிக்கு வருவோம். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. மேற்கத்திய ஹார்மானிக் மைனரும் கீரவாணியும் ஸ்வரங்களில் ஒன்றே, அது உறுதி. ரோமானி மொழி வட இந்திய மொழிகளின் உறவு என்பதும், அந்த மக்களின் முன்னோர்கள் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் என்பதும் மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்டவை. இந்த இரண்டையும் முடிச்சுப்போட்டு ‘நம் ராகம்தான் அங்கே போனது’ என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை. ஐரோப்பாவில் அந்த நிஷாதம் உயர்ந்தது, ஐந்தாம் கார்டிலிருந்து, அதாவது பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டிலிருந்து, ஷட்ஜத்துக்கு இழுத்துவரும் ஸ்வரம் தேவைப்பட்டதால். அதற்கு அவர்களுடைய சொந்த வரலாறு இருக்கிறது. தவிர, ஜிப்சி ஸ்விங்கில் முழுக்கக் கீரவாணி கிடையாது. ஷட்ஜக் கார்டில் நிற்கும்போது மைனர் சிக்ஸ் என்ற கார்டைப் பிடிக்கிறார்கள். அதில் சதுஸ்ருதி தைவதம் வரும், அதாவது கௌரிமனோகரி ராகத்தின் பக்கம். ஐந்தாம் கார்டுக்குப் போனதும் சுத்த தைவதம் வந்து கீரவாணியாகிவிடும். இரண்டு தைவதங்களுக்கு நடுவே நடக்கும் இந்த ஊசலாட்டம்தான் உங்களுக்குப் பழகியதாகவும் பழகாததாகவும் ஒரே நேரத்தில் ஒலித்திருக்கும்.

சந்தேகத்துக்குரிய இன்னும் இரண்டு விஷயங்கள் எல்லா இடத்திலும் உறுதியான செய்தி போலவே சொல்லப்படுகின்றன. ஒன்று விரல் கதை. 1928இல் ஜாங்கோவின் வண்டி வீடு தீப்பிடித்து, இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிச் சுருங்கின. அவர் தனி வாசிப்பைப் பெரும்பாலும் இரண்டே விரல்களில் வாசித்தார்; 1930களின் இறுதியில் எடுத்த ஒரு படச்சுருளில் கையைத் தெளிவாகவே பார்க்கலாம். இவ்வளவும் உறுதி. அவருடைய பாணியே அந்த விபத்தால் வந்தது என்பது ஊகம். கழுத்தின் நீளவாக்கில் அவர் கை ஓடுவதற்கு விபத்து காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த மெட்டுகளைக் கற்பனை செய்தது விரல்கள் அல்ல. பத்து விரலும் நன்றாக இருக்கும் பிரெலி லக்ரேன், ஸ்டோகெலோ ரோசன்பர்க் போன்ற பிற்காலக் கிட்டார்காரர்கள் அதே மொழியை முழுக் கையோடு பேசுகிறார்கள். இன்னொன்று, இதில் ‘ஜிப்சி’ எவ்வளவு என்பது. ஜாங்கோவின் காலத்தில் இதை ஜாஸ் என்றுதான் அழைத்தார்கள். 1953இல் அவர் இறந்த பிறகு ஃபிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் மனூஷ் குடும்பங்களும் அவர்களுக்கு நெருங்கிய சின்டி என்ற ரோமானிக் குடும்பங்களும் அதை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று கைமாற்றி, தங்கள் சமூகத்தின் இசையாக ஆக்கிக்கொண்டார்கள். ஜாங்கோவிடம் ஆம்ஸ்ட்ராங் எத்தனை பங்கு, மியூசெட் எத்தனை பங்கு, வீட்டு இசை எத்தனை பங்கு என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். வயலினும் கிட்டாரும் சேர்ந்த ஜாஸ்கூட அவருக்கு முன்பே இருந்தது: அமெரிக்காவில் வயலின்காரர் ஜோ வெனூட்டியும் கிட்டார்காரர் எடி லாங்கும் 1920களிலேயே அப்படி வாசித்துவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ்காரரான லோனி ஜான்சன் 1927இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவோடு கிட்டார் வாசித்திருக்கிறார். அவருக்கு வயலினும் தெரியும்.

கடைசியாக, நீங்கள் வாசிக்க முடியுமா? முடியும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் கஷ்டம் இருக்காது. வேகம் உங்களுக்குக் கஷ்டமாகாது. கிராப்பெலியின் வழுக்கல்களும் உங்களுக்கு எளிது. கமகத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டால் போதும். கிராப்பெலி நம் வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்தோடு சேர்ந்து வாசித்த ‘கான்வர்சேஷன்ஸ்’ என்ற 1984ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டால் இரண்டு வில்களின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கஷ்டம் சுருதியில். நீங்கள் பழகியதில் ஷட்ஜம் அசையாது. இங்கே ஷட்ஜம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்காது. இரண்டு பாருக்கு ஒருமுறை கார்டு மாறும், ஒரு கார்டில் இனித்த ஸ்வரம் அடுத்ததில் உறுத்தும். முதலில் ச-ப-ச-ப சுருதியை விட்டுவிட்டு ஜி, டி, ஏ, ஈ என்று கம்பிகளைக் கட்டுங்கள். பிறகு ஜாங்கோவும் கிராப்பெலியும் 1937இல் பதிவு செய்த ‘மைனர் ஸ்விங்’கை எடுங்கள். மனோதர்மச் சுற்று 16 பார், பெரும்பாலும் மூன்றே கார்டுகள். ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ஏ மைனர் சிக்ஸ் என்பது ச, சாதாரண காந்தாரம், ப, சதுஸ்ருதி தைவதம். டி மைனர் சிக்ஸ் என்பது சுத்த மத்யமம், சுத்த தைவதம், ச, சதுஸ்ருதி ரிஷபம். ஈ செவன்த் என்பது ப, காகலி நிஷாதம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த மத்யமம்; கூடச் சுத்த தைவதம் சேர்த்துக்கொள்ளலாம். தாளம் எண்ணும் கருவியான மெட்ரோனோமை இரண்டிலும் நான்கிலும் மட்டும் ஒலிக்கவிட்டு, வேறு எந்த ஸ்வரமும் தொடாமல் இந்தக் கார்டு ஸ்வரங்களை மட்டும் சுற்றிச் சுற்றி வாசியுங்கள், கார்டு மாறும் இடத்தைக் காகிதம் பார்க்காமல் கை உணரும்வரை. வில்லை எப்படி வைப்பது, ஸ்விங்குக்கு வில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதை வயலின்காரர் ஒருவரிடம் கேளுங்கள். அது என் கைக்கு வெளியே.

குழு வரும் நாளில் இடைவேளையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒரு பாட்டுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். பாட்டின் பெயர், கட்டை, வேகம் மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் சுற்று வரும்வரை வாசிக்காதீர்கள், முடிந்ததும் உடனே நிறுத்துங்கள். கடைசியில் எல்லோரும் சேரும் சுற்றில் மெட்டு டிரம்பெட்டுக்கு, மேல் இடம் கிளாரினெட்டுக்கு. உங்களுக்கு மிஞ்சுவது நடுவில் நீண்ட ஸ்வரங்கள். கார்டு மாறும்போது ஒன்று மட்டும் மாறினால் போதும்.